குழாய் வரைபடம்

அப்பாவின் இடது காலுறையை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசல் நிலையில் யாரோ தலையை இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த நிலையில் இடிக்கிற உயரம் ஒருவருக்குத்தான் உண்டு. ஆவணக் காப்பகத்தில் அப்பாவின் உதவியாளர். ஏணி போடாமலே எட்டாவது தட்டிலிருந்து பெட்டியை எடுப்பார் என்பதால் அப்பா அவருக்கு 'எட்டாம் தட்டு' என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் நெற்றியைத் தேய்த்தபடி உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"உக்காருங்க."

"இல்ல பாப்பா. நிக்கிறேன்."

காலுறை குதிகாலில் சிக்கியது. பாதம் வளையவில்லை. விளிம்பைச் சுருட்டிச் சுருட்டித்தான் கழற்ற முடிந்தது. காலை ஆறு மணிக்குத் தேநீரோடு வந்தபோது அவளுக்குத் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்று நாலு மணி நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அண்ணன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். சுடுகாட்டு வண்டி நாலு மணிக்கு வரும்.

கூடத்தில் அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, தம்பி தூக்கத்துலயே போயிட்டான். ஒரு சத்தம் இல்ல." ஒன்பதாவது தடவை. ஒரு சொல்கூட மாறவில்லை.

எட்டாம் தட்டு கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

"போகணுமா?" என்றாள்.

"இத இப்ப கேக்கக் கூடாது பாப்பா."

"கேளுங்க."

"ஒரு மணிக்கு ஆபீஸை சீல் வைக்கிறாங்க. கடைசி லாரி வாசல்ல நிக்குது."

அது அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு வேறு பேச்சில்லை. கூரை ஒழுகுகிறது, சுவரெல்லாம் ஓதம், கட்டடத்தைப் புதுப்பிக்க இரண்டு வருடம் மூடுகிறார்கள். எத்தனை பெட்டிக்கு எண் போட்டாயிற்று, எத்தனை மிச்சம். "நான் ரிட்டயர் ஆனப்புறம்தான் திறப்பாங்க," என்பார், உப்பை நகர்த்தச் சொல்லும் அதே குரலில்.

எட்டாம் தட்டு சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். காப்பகத்தில் ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து எடுத்தால், அந்த இடத்தில் அட்டை வைக்க வேண்டும். எடுத்தவர், தேதி, காரணம், திரும்பிய தேதி. பொருள் திரும்பி வரும்வரை அட்டை அங்கேயே இருக்கும். சிறுவயதில் அவள் நாற்காலியை மாடிக்குத் தூக்கிப்போனபோது, "அட்டை வச்சியா?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"இத வெளிய கொண்டுவந்ததே தப்பு. பெரியவர் பாத்தா திட்டுவார்," என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

அப்பாவின் பென்சில் எழுத்து. குடிநீர்க் குழாய் வரைபடம், ஒரு தாள். பத்து நாளைக்கு முந்தைய தேதி. காரணம்: நிமிர்த்த. கடைசிக் கட்டம் காலி.

"போன மழையில நனைஞ்சு சுருண்டுடுச்சு. அழுத்துற பிரஸ்ஸை முதல் லாரியிலயே ஏத்தியாச்சு. 'குழாய்ப் படத்து மேலயே ஒழுகுது பாருய்யா'ன்னு சிரிச்சார். அப்புறம் அந்தப் படத்தை நான் பாக்கல. வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருக்கணும். முப்பத்தோரு வருஷத்துல ஒரு துண்டுக் காகிதம் அவர் வெளிய எடுத்துட்டுப் போனதில்ல."

"கிடைக்கலன்னா?"

"காணாமப்போனதுன்னு எழுதுவாங்க. பக்கத்துல அட்டையில இருக்கற பேரை எழுதுவாங்க. சீல் வச்சுட்டா அந்தப் பட்டியலை ரெண்டு வருஷத்துக்கு யாரும் திருத்த முடியாது." "அட்டையைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. என்னால முடியல."

அவள் அலமாரியின் மேல் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் பார்த்தாள். அவர் கையை விரித்துக் காட்டிய அளவுக்கு ஒரு தாளை விரித்து வைக்க இந்த வீட்டில் இடமே இல்லை. திரும்பி வந்து அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா எப்போதும் சுவரைப் பார்த்து, வலப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவார். பத்து நாளாக மல்லாந்து படுத்திருந்தார். "முதுகு வலியா? பலகை மாதிரி கிடக்கீங்க. டாக்டர்கிட்ட போங்க," என்று அவள் எரிந்து விழுந்தாள். "வியாழக்கிழமை வரைக்கும்தான். பொறுத்துக்கோ," என்றார். ஏன் வியாழக்கிழமை என்று அவள் கேட்கவில்லை.

இன்று வியாழக்கிழமை.

மெத்தைக்கு அடியில் கையை விட்டாள். விரல் நுனியில் பிளைவுட் தட்டியது.

"இருக்கு."

"இழுத்தா கிழிஞ்சுடும் பாப்பா. மேல பாரம் இருக்கு." பாரம் என்று சொன்னதற்காக அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை கதவருகில் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு பேப்பருக்காக அவனைத் தூக்கப் போறீங்களா?" என்றாள்.

"அப்பா உயிரோட இருந்தா தானே எந்திரிச்சு எடுத்துக் குடுத்திருப்பார் அத்தை."

அத்தை போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மெத்தையின் ஓரத்தைப் பிடித்தாள்.

எட்டாம் தட்டு தோளைப் பிடிக்க, அவள் காலைப் பிடித்தாள். உடல் நடுவில் தொய்யாமல் ஒரே துண்டாக எழுந்தது. அப்பாவை அவள் தூக்குவது இதுதான் முதல் தடவை. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்றில் அத்தை, "வந்துடுச்சு," என்றாள். அப்பாவை மெதுவாக மெத்தையில் இறக்கினார்கள்.

இரண்டு பலகை. நடுவில் ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்கள். அவற்றுக்கு நடுவில் ஊரின் எல்லாத் தெருக்களும். நீலக் கோடுகள் குழாய்கள். ஒரு மூலையில் பழுப்பாக நீர்க்கறை. தாள் பலகையோடு படிந்து கிடந்தது. எந்த ஓரமும் எழும்பவில்லை.

"நிமிர்ந்துடுச்சு," என்றார் எட்டாம் தட்டு. அட்டையையும் ஒரு பென்சிலையும் அவளிடம் நீட்டினார். "தேதியை நீயே போட்டுடு பாப்பா."

அவள் கடைசிக் கட்டத்தில் எழுதினாள். காலையில் டாக்டர் எழுதிய அதே தேதி.

அவர் பலகைகளை இரண்டு கைகளிலும் கிடையாகத் தாங்கிக்கொண்டு போனார். வாசல் நிலையில் மறக்காமல் குனிந்தார்.

அடியில் பலகை இல்லாத மெத்தை, அவர் வழக்கமாகப் படுக்கும் பக்கம் அமிழ்ந்தது. அப்பா மெதுவாகச் சுவர்ப் பக்கம் சாய்ந்தார். இடது தோள் லேசாக உயர்ந்து நின்றது. அத்தை நிமிர்த்துவதற்காகக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் அத்தை."

வலது காலுறை இன்னும் காலிலேயே இருந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதன் விளிம்பைச் சுருட்ட ஆரம்பித்தாள்.