இறக்கையில் பதினான்கு ஓட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முகைதீன் தாராவியில் இருக்கமாட்டார். ஜுஹு விமானத் திடலின் ஓரத்துத் தகரக் கொட்டகையில், உலக யுத்தத்துக்கு முந்தைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றைச் சிலர் கூலியில்லாமல் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் இருக்கைக்குத் தோலுறை தைத்து எடுத்துப்போனவர், தரை குப்பையாகக் கிடந்ததைப் பார்த்து விளக்குமாற்றை எடுத்தார். ஏழு மாதமாகிவிட்டது.

பெருக்குவார். திருகாணிகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து டப்பாவில் போடுவார். டீத் தம்ளர்களை அலம்பிக் கவிழ்ப்பார்.

"பாய், நீரு தொடைக்கிற தொடைக்கு ஏரோப்ளேனே தேஞ்சிரும் போலுக்கே" என்பார் கணேசபாண்டியன். மாட்டுங்கா லேபர் கேம்ப்காரர். அங்கே மெக்கானிக் அவர்தான்.

அந்தக் கொட்டகையில் யாருக்கும் அவர் பிள்ளை மெஹராஜைத் தெரியாது. முகைதீனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. தாராவியில் சந்துக்குச் சந்து யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாவோட நாட்டம் பாய், சபூர் செய்யுங்க, பொறுத்துக்கிடுங்க" என்றார்கள். வீட்டில் மனைவி ஷரீஃபுன்னிசா சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஆறு வயதுப் பிள்ளை போன மழையில் போய்விட்டது. அவருக்கு அழுகை வரவில்லை. வேறெதுவும் வரவுமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைகளும் இல்லையென்றால் என்ன ஆவோம் என்று யோசிக்கக்கூட அவருக்குத் துணிவில்லை.

அறுபத்தாறாம் வருஷம், மே கடைசி. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெருக்கக் குனிந்தவர், மரச்சட்டத்தில் துணி போர்த்திய கீழ் இறக்கையின் அடிப்பக்கத்தில் ஆணி குத்தியதுபோல ஒரு ஓட்டையைக் கண்டார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு.

மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. போன வருஷம் மெஹராஜ் படுக்கும் மூலையில் கூரைத் தகரத்தில் இதே அளவில் ஒன்று இருந்தது. தார் வைக்க வேண்டும், நாளைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டு நாள் போனது. நனைந்த பாயில்தான் காய்ச்சல் வந்தது.

அவர் மிச்சத் துணியை வட்டமாக வெட்டி, துணிக்குப் பூசும் பசையைத் தடவி, ஒவ்வொன்றாக அடைத்தார். மேலே வெள்ளிப் பூச்சும் பூசினார். தைக்கிறவன் கை. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, விமானத்தைச் சோதிக்கப் புதன்கிழமை வரப்போகும் இன்ஸ்பெக்டருக்காக அந்த விமானத்தைக் கழுவினார்கள். கழுவி முடித்து கணேசபாண்டியன் இறக்கையை ஆட்டினார். மேலே இடுக்குகளில் புகுந்த தண்ணீர் உள்ளே சளசளத்தது. குனிந்து அடியில் தடவிப் பார்த்தார்.

"எலே காசிம்! தண்ணி வடிய ஓட்டை போடச் சொன்னம்லா? எங்கலே?"

பூச்சு வேலை செய்யும் காசிம் ஓடிவந்தான். "போட்டேன் அண்ணாச்சி, சத்தியமா."

"போட்டது பறந்து போயிட்டாக்கும்? தண்ணி நின்னா உள்ள மரம் உளுத்துரும். ஒரு பக்கம் கனத்து ஆளக் கொன்னுரும்லே. இனிமே இந்தப் பக்கம் வராத, போ."

காசிம் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். முகைதீன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். திருகாணிகள் பளபளவென்றிருந்தன. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான் அண்ணாச்சி அடைச்சேன்."

"நீரா? எதுக்குவே?"

"மழ வருதுல்லா."

காசிம் சிரித்துவிட்டான். கணேசபாண்டியனுக்கும் வாய் கோணியது. "கூரைன்னு நெனச்சீராக்கும்?"

"போன வருசம் வீட்ல ஒரு ஓட்டைய அடைக்காம விட்டுட்டேன்" என்றார் முகைதீன். கணக்குச் சொல்வதுபோல இருந்தது குரல். "பிள்ள போயிட்டு."

காசிமின் சிரிப்பு நின்றது. வெளியே ஒரு சின்ன விமானம் கிளம்பிப் போனது. இங்கேயும் தெரிந்துவிட்டது, இனி இங்கேயும் கையைப் பிடிப்பார்கள் என்று முகைதீன் நினைத்தார்.

கணேசபாண்டியன் கையைப் பிடிக்கவில்லை.

"குத்தூசி வச்சிருக்கீரா?"

"இருக்கு."

"அப்ப நீரே தொறந்துவிடும். நிதானமா. துணி கிழியப்படாது." பிறகு காசிமிடம் திரும்பி, "நீ பிரஷ்ஷ எடுலே, எங்க போற?" என்றார்.

முகைதீன் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தான் ஒட்டிய இடங்களை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒவ்வொன்றாகக் குத்தினார். தண்ணீர் மெல்லிய கம்பியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. அவர் நகரவில்லை. பதினான்காவதன் கீழே ஒரு காலி டப்பாவை வைத்தார்.

"பாய், டீ ஆறுது" என்று காசிம் கூப்பிட்டான்.

"இன்னும் சொட்டுது" என்றார் முகைதீன். சொட்டுவது நிற்கட்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அப்புறம் தரையைத் துடைக்க வேண்டும்.