மீன் தோலில் தெளிந்த காப்பி

தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரை சோல்பியோருக்கு மரத்துப் போயிருந்தது. நார்வேயின் வடகோடி ஊரான வார்டோவின் மீன் கொட்டகையில் எட்டு மணி நேரம் காட் மீனைக் கிழித்து முள் எடுத்த கை. மரத்துப் போனால் என்ன, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை காப்பிக் கெண்டியை அடுப்பில் ஏற்றுவதுதான். காலையில் போட்ட தூளின் மேலேயே இன்னொரு பிடி தூள். பொங்கியதும் இறக்கி, விரல் அகலத்துக்கு ஒரு காய்ந்த மீன் தோலை உள்ளே போடுவாள். கசடு தோலோடு அடியில் படியும். மேலே காப்பி கண்ணாடி போல நிற்கும். அந்தத் தெளிவில் அவளுக்குப் பெருமை உண்டு.

மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் புருஷன் ஆர்னுல்ஃப் ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை குடிப்பான்.

அவன் அண்ணன் நாற்பத்தெட்டு வயதில் படகிலேயே மாரடைப்பு வந்து விழுந்து செத்தவன். ஆர்னுல்ஃபுக்கு இப்போது நாற்பத்தேழு. இலையுதிர் காலத்தில் ஊருக்கு வந்த பரிசோதனை வண்டியில் ரத்தம் கொடுத்தான். அந்த நாட்டு அளவில் கொழுப்பு எட்டரை. ஆறைத் தாண்டக் கூடாதாம். அன்றே வெண்ணெய், முட்டை, பன்றிக் கொழுப்பு எல்லாவற்றையும் சோல்பியோர் வீட்டை விட்டுத் துரத்தினாள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் அதே எட்டரை. இம்மி அசையவில்லை.

"கடல்ல போய்த் திங்கிறே."

"சத்தியமா இல்ல."

"அப்ப கொழுப்பு காத்துலயா வருது?"

நேரே துறைமுகத்துக்குப் போனாள். புருஷன் போகும் படகின் சமையல்காரன் டோர்லைஃப் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய் டோர்லைஃப்! பன்னிக் கொழுப்ப வறுத்துப் போட்டு என் புருஷனையும் அவன் அண்ணன்கிட்ட அனுப்பப் பாக்கிறியா?"

"உன் புருஷன் அவிச்ச மீனைத் தவிர எதையும் தொடுறதில்ல, தாயே. பாக்கவே பாவமா இருக்கு."

"புளுகாதே! கொலைகாரப் பயலே!"

பத்துப் பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டோர்லைஃப் முகம் சிவக்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அதன் பிறகு கடைத்தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தான்.

தெற்கிலிருந்து புதிதாக வந்த டாக்டரம்மாதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "காப்பி எப்படிப் போடுவீங்க?"

சோல்பியோர் மீன் தோல் வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

"தோலு கசடைத்தான் பிடிக்கும். கொதிக்கிறப்ப தூள்லருந்து ஒரு எண்ணெய் இறங்கும், அதப் பிடிக்காது. கொழுப்ப ஏத்துறது அதாத்தான் இருக்கும்."

"கண்ணாடி மாதிரி இருக்குமே!"

"எண்ணெயும் கண்ணாடி மாதிரிதாம்மா இருக்கும். பத்து வாரம் காகிதத்துல வடிகட்டிக் குடிக்கட்டும். வேற எதையும் மாத்தாதீங்க."

"இது காப்பியா, கெண்டி கழுவின தண்ணியா?" என்றான் ஆர்னுல்ஃப். முனகிக்கொண்டே பத்து வாரம் குடித்தான்.

முடிவு வாங்கப் போன அன்று படகு அவனை விட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பியிருந்தது. கொழுப்பு இப்போது ஏழு புள்ளி இரண்டு.

"இன்னும் அதிகம்தான். ஆனா வழி தெரிஞ்சுபோச்சு," என்றாள் டாக்டரம்மா.

வெளியே பனியில் நின்றபடி சோல்பியோர் கணக்குப் பார்த்தாள். இருபது வருஷம், வீட்டில் இருந்த நாளெல்லாம் பத்துக் கோப்பை.

"என் கையாலதானே ஊத்தினேன்."

"நீ ஊத்தினே, நான் கேட்டு வாங்கிக் குடிச்சேன். என்னை விடு. கடல்ல எனக்குக் காகிதத்துல வடிச்சுக் கொடுத்தது யாருன்னு நெனைக்கிறே?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"டோர்லைஃப்தான். மத்தவனுங்களுக்கு ஒரு கெண்டி, எனக்குத் தனியா ஒண்ணு. அலையில கால் நிக்காதப்பவும்."

"நீயே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"திட்டுனது என் வாயா?"

ஒரு கேக் சுட்டு அனுப்பலாமா என்று யோசித்தாள். கேக்கைத் தின்றுவிட்டு அவன் மறுபடி எதிர்ப்பக்கம்தான் நடப்பான். பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். படகு வெள்ளிக்கிழமை வரும். டோர்லைஃபிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.