மாப்பிள்ளைக் கார்

டத்தோ சுப்பிரமணியம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, சத்தம் வரும் இடத்தை விரலால் காட்டினார். காட்டும்போதெல்லாம் விரல் வேறு இடத்துக்குப் போனது. முதலில் டேஷ்போர்டு, பிறகு கதவு, பிறகு கூரை. கோல சிலாங்கூரிலிருந்து வந்திருந்த ஒயர்மேன் அமீருல், விரல் போன இடமெல்லாம் காதை வைத்துப் பார்த்தான். ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல். யாரோ அழுது களைத்த பிறகு மூக்கால் தொடர்வதுபோல் இருந்தது.

அது ஜெர்மன் கார். தோட்ட மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனபோது விற்றதை, அன்றைக்குத் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சுப்பிரமணியம் வாங்கினார். மாநில அரசர்கள் தரும் ‘டத்தோ’ பட்டம் பிறகு வந்தது. ஓர் ஓட்டல் மண்டபத்தில், ஓர் அரசர் கையால். எந்த மாநிலத்து அரசர் என்று கேட்பவர்களுக்கு டத்தோ புகைப்படத்தைக் காட்டுவார். படத்தில் அரசர் தெளிவாகவே இருந்தார், மாநிலம்தான் தெரியவில்லை. தாமான் குடியிருப்பில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் போக வேண்டும், டத்தோதான் ஓட்ட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. கோட்டு போட்டு, பதக்கம் குத்தி, மாலை கட்டிய காரை அவர் மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது, மாப்பிள்ளை பின்னால் ஏதோ சாமான்போல் உட்கார்ந்திருப்பார். கோயில் தலைவர் பதவி சென்ற தேர்தலோடு போயிற்று. பள்ளி வாரியத்தில் இருந்த நாற்காலியும் போயிற்று. மிச்சம் இந்தக் கார் ஒன்றுதான்.

வருகிற ஞாயிறு அதே தாமானில் இருக்கும் வீரன் மகன் புவனேசனுக்குக் கல்யாணம். பெண் வீடு சுங்கை பஞ்சாங். காலையில் வீரன் போன் செய்திருந்தார்.

“டத்தோ, தப்பா நெனைக்காதீங்க. பையன் ரவாங்ல வேன் பாத்து வெச்சிருக்கான். கதவு தானா தொறக்குமாம்.”

“கதவு தொறக்கக்கூட கையில தெம்பு இல்லாத பயலுக்கு எதுக்குய்யா கல்யாணம்?”

“அதுக்கில்ல டத்தோ. உங்க கார்ல ஏதோ சத்தம் வருதாமே. வீடியோ எடுத்தா அதுவும் சேந்து பதிவாவும்ங்கிறான். சாயங்காலத்துக்குள்ள சரியாச்சுன்னா உங்க கார்தான். இல்லன்னா வேனைச் சொல்லிடுவான்.”

ஆகவே அமீருல் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். எதைப் பிடுங்கும்போது சத்தம் நிற்கிறதோ, அந்த ஒயரில்தான் கோளாறு. ஒரு பியூஸ் போனது, குளிர்சாதனம் நின்றது. இன்னொன்று போனது, கண்ணாடி ஏற மறுத்தது. ஹாரன் ஊமையானது. கொடிக்கம்பிக்கென்று டத்தோ தனியாகப் போட்டிருந்த குட்டி விளக்கு அணைந்தது. பிடுங்கியவையெல்லாம் மனைவி ரமணி கொடுத்த எவர்சில்வர் தட்டில் கலர் கலராகக் கிடந்தன. காரிலிருந்து ஒவ்வொரு கௌரவமாகக் கழன்றுகொண்டே வந்தது. முனகல் மட்டும் நிற்கவில்லை.

ரமணி வாசல் நாற்காலியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியில் அமீருல் பேட்டரி ஒயரையே கழற்றினான். கார் முழுவதும் செத்தது. இப்போது ‘ங்ங்ங்’ இன்னும் தெளிவாகக் கேட்டது.

அமீருல் இரண்டடி பின்னால் போனான். “கரண்டே இல்லாம எப்படி லா சத்தம் வருது?”

டத்தோ குரலைத் தாழ்த்தினார். “கோயில் புதுத் தலைவர் சேது பயதான் ஏதாச்சும் வெச்சிருப்பான். எலுமிச்சம்பழம், தகடு ஏதாவது கெடக்குதான்னு பாரு.”

“டத்தோ, அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல,” என்றான் அமீருல். ஆனாலும் உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே பின் சீட்டைத் தூக்கினான்.

சீட்டுக்கு அடியில், மஞ்சள் கயிற்றால் இரும்போடு சேர்த்துக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கோயில் கடைகளில் விற்கிறார்களே, ஓயாமல் மந்திரம் சொல்லும் குட்டிப் பெட்டி, அதுதான். உள்ளே பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தது. மந்திரம் இழுத்து இழுத்து, எந்தச் சாமிக்கும் புரியாத முனகலாகியிருந்தது.

“நான்தான் கட்டினேன்,” என்றார் ரமணி, நெத்திலியைப் பார்த்தபடியே.

“எதுக்கு?”

“நீங்க ஓட்டுறீங்களே, அதுக்கு.”

அமீருல் திடீரென்று தன் கைகளைத் துணியில் மிக அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தான்.

“தஞ்சோங் காராங்ல செவப்பு லைட்டுல போனீங்க. லோரிக்காரன் பிரேக் போட்டதால நான் இங்க உக்காந்து மீன் கிள்ளுறேன். கண் டாக்டர்கிட்ட போலாம்னா, டத்தோ கண்ணுக்கு என்ன கொறைன்னு கேட்டீங்க. உங்ககிட்ட பேச முடியுமா? அதான் சாமிகிட்ட சொல்லி வெச்சேன். சத்தத்தக் கொறைச்சு, வாரா வாரம் பேட்டரி மாத்திக்கிட்டுதான் இருந்தேன்.” ஒரு நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டார். “இந்த வாரம் மாத்தல. சத்தம் போட்டா கார் வீட்லயே நிக்குமேன்னு விட்டுட்டேன்.”

டத்தோ பெட்டியை அணைக்கும் விசையைத் தேடினார். விரல் அதைச் சுற்றிச் சுற்றித் தடவியது. ரமணி எழுந்து வந்து அணைத்தார்.

“எல்லாத்தையும் திரும்பப் போட்டுத் தந்துர்றேன் டத்தோ,” என்றான் அமீருல்.

“வேணாம். நீ கெளம்பு. கலர் பாத்துப் போடறதுதானே, நானே போட்டுக்குறேன்.”

“பியூஸ் பெட்டி மூடியில படம் இருக்கு. கலர் மட்டும் மாறிடக் கூடாது, ஒயர் கருகிடும்.” அவன் ரமணியை ஒரு தடவை பார்த்தான். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டத்தோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைகள் உட்காரும் இடம். மூடியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் அருகில் கொண்டுபோனார். சட்டைப்பையில் போன் அடித்தது. வீரனாகத்தான் இருக்கும். சத்தம் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் பொய்யாகாது.

போனை எடுக்காமல், தட்டிலிருந்து ஒரு பியூஸை எடுத்து வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

“ரமணி.”

“ம்.”

“இது மஞ்சள்தானே?”

ரமணி அருகில் வந்து குனிந்து பார்த்தார். டத்தோவின் விரல்களுக்கு நடுவில் இருந்தது வெள்ளை. பின்னால் இருந்த வானம் அப்படியே தெரியும் கண்ணாடி வெள்ளை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. டத்தோ கையை இறக்காமல், பதிலுக்காக அதைத் தூக்கியே வைத்திருந்தார்.