விசில் ஊதியது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊதியது நான்தான். அதை மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட வரக்கூடாது.

ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தத்தில் எனக்கு வேலை. காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை கழுத்தில் விசில் தொங்கும். இந்த வண்டியை இங்கே விடு, அந்த வண்டியை நகர்த்து, ஆம்புலன்ஸ் வருகிற வழியை மறிக்காதே என்று பன்னிரண்டு வருஷமாக ஊதிக்கொண்டிருக்கிறேன். எவனாவது பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தால் போதும், மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே என் வாய் ஊதிவிடும். டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லோருக்கும் நான் விசிலக்கா. கோபக்காரி என்றும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான்.

என் அண்ணன் மகள் இந்த ஊர்க் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் நானும் அவளும் மட்டும். அவள் வருவதற்கு முன்னால் நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவாக வளர்ந்து நிற்பதால் நான் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவள் ஒன்பதாம் நம்பர். சொந்த அரங்கத்தில் பதினான்கு ஆட்டமாக அவர்கள் தோற்றதே கிடையாது. அதனால் ஆட்டம் என்றால் ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் அரங்கத்தில்தான் இருப்பார்கள். ரசிகர் கூட்டத்துக்குத் தலைவி யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், நான்தான்.

எப்போதும் வீட்டுக்குப் போய்ச் சீருடையை மாற்றிவிட்டுத்தான் போவேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மாற்றாக வரவேண்டியவள் ஆடி அசைந்து ஐந்து மணிக்கு வந்தாள். நான் போட்ட சட்டையோடு, கழுத்தில் விசிலோடு ஓடினேன். கூடைக்குப் பின்னால் முதல் வரிசையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நெரிசலில் புகுந்து புறப்படுகிற தைரியசாலி, ஆனால் ஆட்டத்தின் கடைசி நிமிடம் வந்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காதையும் பொத்திக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

கடைசிப் பதினோரு நொடி. நாங்கள் ஐம்பத்தெட்டு, அவர்கள் ஐம்பத்தேழு. எங்கள் கொக்கு எதிரணியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத்தான், கூடையை நோக்கி ஓடிவந்தாள். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. அப்போது பக்கவாட்டிலிருந்து எதிரணியின் ஏழாம் நம்பர்க்காரி தலையைக் குனிந்துகொண்டு ஒரே பாய்ச்சலாக வந்தாள். நான் பார்த்தேன். பின்னால் பார்க்காமல் எடுத்த வண்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

கொக்கு சட்டென்று நின்றாள். பந்தை இரண்டு கையிலும் ஏந்தி, நடுவரிடம் கொடுப்பதற்கு மரியாதையாக நீட்டினாள். ஓடிவந்த ஏழாம் நம்பர்க்காரி அதை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு எதிர்க்கோடி வரை போய்க் கூடைக்குள் போட்டாள். மணி அடித்தது. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு.

"ஆச்சா?" என்று ஆம்புலன்ஸ் தம்பி கேட்டான்.

என் பற்களுக்கு நடுவில் விசில் இருந்தது. அதை எப்போது வாயில் வைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கத்தலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. நேராக என் எதிரில் ஓடிவந்தவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. நான் மெதுவாக அதைச் சட்டைக்குள் போட்டு, மேல் பித்தானையும் மாட்டினேன்.

"விசில் அடிச்சுது சார்! நான் கேட்டேன்!" என்று கொக்கு நடுவரிடம் கெஞ்சினாள். "நான் ஊதவே இல்லம்மா" என்றார் அந்த மனுஷன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? பயத்தில், "யோவ், ஊதிட்டு இல்லைங்கிறியா?" என்று அந்த நடுவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். தலைவியே ஆரம்பித்துவிட்டாள் என்றதும் அரங்கமே சேர்ந்துகொண்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் கொட்டித் தீர்த்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் மாத்திரையோடு புலம்பலும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருத்தன் நடுவர் மேல் பாய்ந்தான், ஒருத்தி தரை வழுக்கியது என்றாள், இன்னொருவர் பிள்ளைக்குத் திமிர் ஏறிவிட்டது என்றார். அவர் வண்டியை வெயிலிலேயே நிற்க வைத்தேன், அது வேறு விஷயம். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, காலில் கட்டோடு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் வலியை மறந்து தலையைத் தூக்கி, "ஏம்மா, உங்க பொண்ணு ஏம்மா நின்னுச்சு?" என்று கேட்டார். நான் திரும்பி, ஒழுங்காக நின்ற ஒரு வண்டியை நகர்த்தச் சொன்னேன்.

கொக்கு சரியாகச் சாப்பிடவில்லை. கேலிக்குக் கேலி பேசுகிறவள், நான் கொக்கு என்று கூப்பிட்டால், "ம்" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பெற்ற வயிறு இல்லை, ஆனாலும் பற்றி எரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். உண்மை தெரிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுவாளோ என்று நினைப்பேன். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள், தோளில் பை.

"என்னடி இங்க?"

"காது டாக்டரைப் பாக்கணும். கோச் மேடம் சொல்லிட்டாங்க. இல்லாத விசில் கேக்குதுன்னா காதுல கோளாறு, வைத்தியம் பண்ணிக்கோன்னு. காது நல்லா இருந்தா பதட்டத்துல நின்னிருக்கேன்னு அர்த்தமாம். பதட்டப்படுறவளை இறக்க முடியாது, சனிக்கிழமை ஆட்டத்துல பெஞ்சுதான்னாங்க." பிறகு பையைத் தட்டிக் காட்டினாள். "பெஞ்சும் வேணாம் அத்தை. காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டா ஜெர்ஸியைத் திருப்பிக் குடுத்துடுவேன். கடைசி நிமிஷத்துல பயந்து நிக்கிறவ எதுக்கு ஆடணும்?"

வேலையைப் பக்கத்தில் இருந்த காவலாளியிடம் தள்ளிவிட்டு அவள் பின்னாலேயே மாடிக்குப் போனேன்.

காது டாக்டரம்மாவுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். காரை எப்போதும் கோணலாக விடுவார், நான் எப்போதும் ஊதுவேன். அவரும் ரசிகைதான். "அந்த ரெஃப்ரியைத்தான் காது பாக்க அனுப்பியிருக்கணும்" என்று கொக்கைத் தட்டிக் கொடுத்து, கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார். சத்தம் கேட்டால் பித்தானை அழுத்த வேண்டும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் போல ஒவ்வொரு சத்தத்துக்கும் பித்தானை அழுத்தினாள். கொசு முனகுகிற அளவு சத்தத்துக்குக்கூட அழுத்தினாள். கடவுளே, ஒன்றிரண்டையாவது விடுடி என்று நான் வேண்டிக்கொண்டேன். நல்ல காதுக்காக யாராவது இப்படி வருத்தப்பட்டிருப்பார்களா?

டாக்டரம்மா தாளைப் பார்த்துப் பூரித்துப்போனார். "அடேயப்பா! பக்கத்து வீட்டுல ரகசியம் பேசினாக்கூட இந்தக் காதுக்குக் கேக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

கொக்கின் முகம் செத்துப்போனது. "அப்ப விசிலே அடிக்கல" என்றாள். "நான்தான் பயந்துட்டேன்." அழவில்லை. பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஜெர்ஸியை எடுத்து, மடிப்பை இன்னொரு தடவை நீவி விட்டாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. விடுதிக்குப் போனால் போகட்டும், ஊர் என்னைக் கல்லால் அடித்தால் அடிக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

"ஊதினது நான்தான்டி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"என்ன அத்தை?"

"நான்தான். அந்த ஏழாம் நம்பர்க்காரி குறுக்க வந்தா. உன்னை இடிச்சுத் தள்ளிடுவாளோன்னு... வண்டி ரிவர்ஸ்ல வந்தா ஊதுவேன்ல, அந்த மாதிரி வாய் தன்னால ஊதிடுச்சு. நீ பயப்படல கண்ணு. உன் காது, உன் மனசு எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நான்தான் பயந்தவ."

அவள் ஜெர்ஸியை மேசை மேல் வைத்தாள்.

"மூணு நாளாத் தெரியுமா?"

"மூணு நாளாத் தெரியும்."

"காதுல தண்ணி போயிருக்கும், தலையைச் சாய்ச்சுக்கிட்டுக் குதின்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"மொட்டை மாடியில பத்து நிமிஷம் குதிச்சேனே அத்தை! எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் பாத்தாங்களே!"

"நானும் பாத்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடிப்பாள் என்று நினைத்தேன். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு நெட்டை உடம்பை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "அடிச்சுது! விசில் நிஜமாவே அடிச்சுது!" என்று எழுந்து என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் சிரிக்க, நான் அழ, டாக்டரம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்க, நர்ஸ் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மூன்று நாளைக்குப் பிறகு எனக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது.

கீழே இறக்கி விட்டதும் கொக்கு என் காதைப் பிடித்தாள். "சாயங்காலம் பிராக்டிஸ். நீயே வந்து கோச் மேடத்துக்கிட்ட சொல்லு."

"நீயே சொல்லிடேன்..."

"அத்தை!"

போனேன். அங்கே பார்த்தால் அரங்கம் பாதி நிறைந்திருக்கிறது. தோல்விக்கு விளக்கம் கேட்க ரசிகர்கள் திரண்டு வந்திருக்கிறார்கள். முன்னால் நிற்பது ஆம்புலன்ஸ் தம்பி, கையில் புகார் எழுதிய தாள். "விசிலக்கா வந்துட்டாங்க, இனி அவங்க பேசுவாங்க!" என்று கை தட்டல் வேறு. கோச் மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

ஊசி விழுந்தால் கேட்கும். அதன் பிறகு எழுந்த சத்தத்தில் யானை விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது. "நீங்களா?", "வீட்டுக்குள்ளயே வில்லியா?", "இனிமே இந்தம்மாவை உள்ள விடாதீங்க!" எல்லாம் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதானே! ஆம்புலன்ஸ் தம்பி அழாத குறையாக, "அக்கா, உங்களை நம்பி அந்த ரெஃப்ரியோட ஏழு தலைமுறையையும் திட்டினேனே. அதுவும் கண்ணை மூடிக்கிட்டு!" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மூன்று நாளாக உறுமிக்கொண்டிருந்த கூட்டம் அணை உடைந்த மாதிரி சிரித்தது. அணிப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். கோச் மேடம் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தார்.

"விசில் இருக்கா?"

சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கழற்றிக் கொடுக்கப் போனேன்.

"நீங்களே வச்சுக்கோங்க. யார் எங்க ஊதினாலும் ரெஃப்ரி கை தூக்குற வரைக்கும் ஆடணும்னு இதுங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! தினமும் சாயங்காலம் வாங்க. இவங்க ஆடும்போது எப்ப வேணா, எங்கிருந்து வேணா ஊதுங்க. நின்னவங்க மைதானத்தைப் பத்துச் சுத்து ஓடணும். உங்களுக்கு அதுதான் தண்டனை."

இது தண்டனையா? என் தலை வானத்தில் முட்டியது. பத்துப் பேர் இரண்டாகப் பிரிந்து இறங்கினார்கள். ஜெர்ஸியின் மடிப்பு உடம்பில் இன்னும் தெரிய, கொக்கும் இறங்கினாள். திட்ட வந்த ரசிகர்கள் ஒருத்தரும் போகவில்லை, எல்லோரும் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார்கள். பந்து கொக்கின் கைக்கு வந்தது. கூடையை நோக்கித் திரும்பினாள். குறுக்கே ஒருத்தி பாய்ந்தாள்.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினேன்.

ஒன்பது பெண்களும் குத்துக்கல்லாக நின்றார்கள். ஆம்புலன்ஸ் தம்பி பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டான். கொக்கு மட்டும் நிற்கவில்லை. பாய்ந்து வந்தவளைச் சுற்றிக்கொண்டு, அந்த நீளக் கால்களை எட்டிப் போட்டு, எழும்பி, பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு இறங்கினாள். அரங்கம் வெள்ளிக்கிழமையைவிட இரண்டு மடங்கு கத்தியது. அவள் மூச்சிரைக்கத் திரும்பி, முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்துக் கூவினாள்.

"அவ்ளோதானா? இன்னும் சத்தமா ஊது அத்தை!"

ஊதத்தான் பார்த்தேன். சிரிக்கிற வாயில் விசில் நிற்கவே மாட்டேன் என்றது.