இடது கையின் நடை

விறைத்துப்போயிருந்த கையை மெல்ல மடக்கி, தம்பி வெர்னலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள் ஆர்டெல்லா. நேற்றுக் காலையில்தான் நெஞ்சுச்சளி முற்றி அவன் உயிர் போயிருந்தது. அவனோடு டர்ஹாம் நகரின் புகையிலை ஏலக் கிடங்கு வாசலில் கிதார் வாசித்த ஃபென்டன், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அந்தக் கட்டவிரலப் பாருங்கக்கா. கிதாரோட தடிச்ச கம்பியில அது பாட்டுக்குத் தனியா நடக்கும். மத்த விரலுங்க மேல பாடும். ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரியே இருக்கும். கடவுளே வந்து சொல்லிக் குடுத்தது."

"கடவுளா? அந்தத் தோளக் கொஞ்சம் தூக்கு."

சொல்லிக்கொடுத்தது கடவுள் இல்லை. அம்மா வீட்டில் இல்லாத நேரங்களில் ஆர்டெல்லா பியானோவில் துள்ளல் பாட்டு வாசிப்பாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பியானோப் பெட்டியில் காதை ஒட்டவைத்து வெர்னல் தரையில் உட்கார்ந்திருப்பான். "இடது கைய மட்டும் வாசிக்கா" என்பான். கட்டைவிரல் கொப்பளிக்கிறவரை அந்த நடையைக் கிதாரில் தேடினான். கண்டும் பிடித்தான்.

பிறகு ஏலக் காலங்களில் கிடங்கு வாசலில் அவனைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. பெண்பிள்ளை தெருவில் உட்கார்ந்து வாசிக்க முடியுமா? அவள் ஆலையில் புகையிலைக் காம்பு உருவினாள். நியூயார்க் போய் இசைத்தட்டு பதித்து வந்தவன் முதலில் அவள் வீட்டில்தான் அதைச் சுழலவிட்டான்.

"எப்டிக்கா இருக்கு?"

வயிறு எரிந்தது. "பரவால்ல" என்றாள்.

அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பின் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்தில் போதகர் கிலியம் குரலை உயர்த்தினார்: "இந்த வரத்தை எந்த மனுஷனும் நம் சகோதரனுக்குக் கற்றுத்தரவில்லை!"

"ஆமென்" என்றது கூட்டம்.

பியானோ முன் அமர்ந்திருந்த ஆர்டெல்லா துதிப்பாடலைத் தொடங்கினாள். இரண்டு அடிகள் ஒழுங்காகத்தான் போயின. மூன்றாவதில் இடது கையை அவிழ்த்துவிட்டாள். அது தாவித்தாவி நடந்தது. போதகர் முறைத்தார். பின்வரிசையில் கிதார்க்காரர்களின் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இப்போதாவது தெரியட்டும் என்று நிறுத்தாமல் வாசித்தாள்.

முடிந்ததும் ஃபென்டன் கண்களைத் துடைத்தபடி ஓடிவந்தான்.

"அக்கா! அப்டியே வெர்னல் கையாச்சே! எப்பக்கா அவன்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவள் அவனையே பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"சின்ன வயசுல" என்றாள்.

பியானோவை மூடிவிட்டு அவர்கள் பின்னால் போனாள். வாசல் படியில் பெட்டி ஒருபக்கமாகச் சரிந்தது.

"பாத்து," என்றாள். "இடிக்காமத் தூக்குங்க அவன."