முதுகுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கிசுமு ஊர் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நீர்யானையின் தலைமேல் கைவைத்துக்கூடச் சொல்லலாம். நீர்யானை மறுக்காது.

மனைவி போய்ச் சேர்ந்தபின் ஒலுவோச்சின் வீட்டில் பேசுவதற்கு டிவி ஒன்றுதான் மிச்சம். அதுவும் தட்டையான ரகம். ஸ்பீக்கர் முதுகுப்புறம் இருந்ததால் அது சுவரோடுதான் பேசியது. செய்தி வாசிப்பவர் தகர டப்பாவில் அடைபட்ட கொசுவாக முனகுவார். மகன்கள் நைரோபியில். வாசலைத் தாண்டி யாரும் உள்ளே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் மனிதக் குரல் நிறைய வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

கடைத்தெருவில் சவுண்ட் சாமான் விற்கும் அவுவோர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன பெரியவரே, பாட்டுக்கா, பந்தாட்டத்துக்கா?"

"பேச்சுக்கு."

"அப்ப இந்த சவுண்ட்பார் போதும். டிவிக்குக் கீழ வெச்சு ஒரு வயரைச் சொருகினா முடிஞ்சுது."

சொருகிக் காட்டினாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் கடன் கேட்டவனிடம் வங்கி மேனேஜர் பேசுவதுபோல் எதிரிலேயே நின்றுகொண்டது.

"அந்தப் பெரிய பெட்டி?"

"அந்த வூஃபரா? தெருவே ஆடும், பேச்சு மட்டும் புரியாது."

"எனக்குப் பின்னாலயும் யாராவது பேசணும், பொண்ணே."

"ஊரே உங்களுக்குப் பின்னாலதானே பேசுது!"

"பேசலையேம்மா. அதான் குறை."

அவுவோர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெரிய செட் ஒன்றைக் கீழே இறக்கினாள். டிவியருகே மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் ஒரு வூஃபர்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் அதை மாட்டி உட்கார்ந்தார். டிவி நாடகத்தில் ஒரு பணக்காரர் செத்துக்கிடந்தார். முன்னால் மனைவிமார் அழுதார்கள், முதுகுக்குப் பின்னால் அத்தைமார் அழுதார்கள், மூலையில் பறை அதிர்ந்தது. சுவரிலிருந்த பல்லிகள் இறங்கிவந்து ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ஏரியில் மீன்கள் துக்கம் விசாரிக்கத் தலையை நீட்டின.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை, ஓடிவருவதுதான் வழக்கம். அடுத்த வீட்டு பெரெஸ் தலையில் கைவைத்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே தெரு வந்தது. டென்ட் எழும்பியது. படகுத் துடுப்பால் உகாலிக் களி கிளறினார்கள். சாவை விரட்ட மச்சினர்கள் மாடுகளை ஓட்டிவந்தார்கள். முதல் காளை ஜன்னலில் தலையை விட்டு நாடகத்தைப் பார்த்துக் கண்ணீர் சிந்தியது.

ஒலுவோச் கதவைத் திறந்தார்.

"பெரெஸ், நான் சாகலை."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அண்ணே. டென்ட் கட்டியாச்சு, மாடு வந்தாச்சு. உள்ள போய்ப் படுங்க."

படுத்தார். ஜன்னலுக்கு வெளியே அவரைப் பற்றித்தான் பேச்சு. "தங்கமான மனுசன்," என்றது ஒரு குரல். "வாயைத் தொறந்தா பொய்தான், ஆனா தங்கம்," என்றது இன்னொன்று. நான்கு பக்கமும் மனிதக் குரல், ஒரு வயர்கூட இல்லாமல். அவர் அசையாமல் கிடந்து காதில் வாங்கினார். பிறகு ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார்.

"பெரெஸ், எத்தனை நாள் இருப்பீங்க?"

"புதைக்கிற வரைக்கும். அதானே முறை."

"புதைக்கலைன்னா?"

"செத்தாத்தானே அண்ணே புதைக்கணும்? சாகலைன்னா நாங்க எதுக்கு இங்க?"

ஒலுவோச் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது பிடிவாதமாக வந்துகொண்டே இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"சாகாதவனைப் பாக்கவும் வரலாமே?"

பெரெஸ் தன் கால்களைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கிறவர் வீட்டுல வந்து என்னத்த அண்ணே சொல்றது? வேலை கெடக்கு."

நாற்காலிகளை மடித்தார்கள். டென்ட் இறங்கியது. நாடகம் முடிந்ததும் காளையும் போய்விட்டது. யாரோ ஒரு தட்டு மீனை மூடி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒலுவோச் முன்னாலிருந்த ஸ்பீக்கர்களின் வயர்களைப் பிடுங்கினார். பின்னாலிருந்த இரண்டையும் மட்டும் பேசவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மீனைத் தின்றார்.

அந்தத் தெருவுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. அதுவும் சத்தியம், நீர்யானையைக் கேளுங்கள்.