கார் ஏறாத வீட்டில் சார்ஜ் பெட்டி

இதெல்லாம் நான் சொல்கிற வரிசையில்தான் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மின்சாரக் கார் முதலில் வந்ததா, அதன் சார்ஜ் பெட்டி முதலில் வந்ததா என்று அஸீமிடம் கேட்டால் ஒரு மாதிரி சொல்வான். அவன் மனைவி பஸ்லினா வேறு மாதிரி சொல்வாள். கீழ் வீட்டில் இருக்கும் அவன் அக்கா ஹபீலா ராத்தா இரண்டுமே பிழை என்பாள். மூன்று பேரும் ஒத்துக்கொள்வது அந்தப் பெட்டியைச் சுவரில் பூட்டிய இடத்தைத்தான். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கெலிஓயாவில் கம்பளைப் பாதையை ஒட்டி எழும்புகிற மேட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் வாப்பா விட்டுப்போன காணி. அதை இரண்டாகப் பிரித்தபோது பாதையோரத் துண்டும் கராஜும் மூத்தவள் ஹபீலாவுக்குப் போயின. மேல் துண்டு அஸீமுக்கு. மேலே போகப் படிகள் மட்டும்தான். அரிசி மூட்டையானாலும் அலுமாரியானாலும் தோளில்தான் ஏறும்.

கார் வருவதற்கு ஆறு வருடங்களுக்கு முன் அஸீம் வீட்டைப் பெருப்பிக்க மண் வெட்டினான். அடுத்த மழைக்கு அந்த மண் சரிந்து, ராத்தாவின் சமையல் குசினிப் பின்சுவரை உள்ளே தள்ளிவிட்டது. அவள் படியடியில் நின்று சத்தம் போட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போனான். அவன் எதற்குமே அப்படித்தான். பேசாமல் இருப்பது பெருந்தன்மை என்று அவனுக்கு ஓர் எண்ணம். அன்றிலிருந்து தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் ஏறினான், இறங்கினான். ஒரு சலாம்கூடக் கிடையாது.

கண்டி டவுனில் அவனுக்குச் சின்னக் கண்ணாடிக் கடை. ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இதுவா, முந்தினதா? எது தெளிவு?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவன் தொழில். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் காருக்குள்ளேயே தூங்கி எழும்பியவன், இனிமேல் எண்ணெய்க்காக எங்கேயும் நிற்பதில்லை என்று தீர்மானித்து அந்தக் காரை விற்றுவிட்டான். நாட்டில் தடையாயிருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் மின்சாரக் கார்களை அதே தொழில் பொறுமையோடு ஒப்பிடத் தொடங்கினான். பாவித்த ஜப்பான் காரில் பற்றரி தேய்ந்திருக்கும். புதுச் சீனக் காரில் எட்டு வருட உத்தரவாதம். ஒன்றுக்கு அடிப்பாகம் பள்ளத்தில் தட்டும், ஒன்றுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது. இரவுச் சாப்பாட்டில் பஸ்லினா சோற்றைப் பிசைந்துகொண்டே இதையெல்லாம் கேட்டாள். பன்விலையில் படிப்பிக்கிற அவளுக்குத் தினமும் பஸ் மாறி மாறிப் போய் இடுப்பு விட்டுப்போயிருந்தது. எந்தக் காராவது வந்தால் போதும் என்றிருந்தாள்.

எல்லாவற்றையும் ஒப்பிட்டவன், வயரை எங்கே குத்துவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவன் வாசித்த விளம்பரத் தாள்களில் எல்லா வீட்டுக்கும் முன்னால் கார் நின்றது.

சீனக் கார் வந்தது. பழைய காரை நிறுத்திய பாதையோர மதகுப் பக்கத்திலேயே நிறுத்தினான். பிறகு சார்ஜ் பெட்டியைப் பூட்ட விற்ற இடத்திலிருந்து இரண்டு பேர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். கார் எங்கே என்று கேட்டார்கள். கீழே காட்டினான். மூத்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் விளக்கினார். பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காரின் நீளத்துக்குத்தான் காணும். அதோ கீழே கராஜ் ஒன்று தெரிகிறதே, அதில் பூட்டினால் சரியாகிவிடும். அது யாருடையது?

தெரியாது என்றான் அஸீம்.

நேர் கீழே, பின்வளவில், ஹபீலா ராத்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் அவள் கை நின்றது. பிறகு மீதி உடுப்பைக் காயப்போடாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பூட்டியாயிற்று என்று படம் அனுப்பினால்தான் வந்தவர்களுக்கு வேலை முடியும். அஸீமுக்கும் அவர்கள் போனால் போதும் என்றிருந்தது. மேல் வீட்டின் முன்சுவரில், கதவுக்குப் பக்கத்தில் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாளும் எந்தக் காரும் வரப்போகாத இடத்தில் அது பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றது. பஸ்லினா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அதன் கொக்கியில் குடையை மாட்டினாள்.

அதன் பிறகு அவன் பட்டது கொஞ்சமில்லை. படி வழியே நீள வயர் இழுத்துப் பார்த்தான். ப்ளக் உருகிப் புகை வந்தது. பாதையோரத்தில் தனி மீற்றர் கேட்டு மின்சார சபைக்குப் போனான். அது பாதைக்குரிய நிலம், அங்கே தரமுடியாது என்று அனுப்பிவிட்டார்கள். டவுனில் காசுக்குச் சார்ஜ் ஏற்றும் இடத்தில் அவனுக்கு முன்னால் எப்போதும் மூன்று நான்கு கார் நின்றது. கார் சத்தமே போடாது என்பதற்காகவும்தான் அதை அவ்வளவு விரும்பினான். அந்தக் கார்தான் அவனை ஊர் வாய்க்குள் தள்ளியது. முன்னால் நிற்பவன் வந்து கண்ணாடியைத் தட்டி, எத்தனை கிலோமீற்றர் போகும், பற்றரி மாற்ற எவ்வளவு என்று கேட்பான். பின்னால் நிற்பவன் வந்து, தன்னுடையது இதைவிட நல்லது என்பான்.

ஒருநாள் மாநகரசபையில் வேலை செய்கிற ராஜலிங்கம் மோட்டார் சைக்கிளை அவன் பக்கத்தில் நிறுத்தினார். கடைக்கு வாடிக்கைக்காரர், அவனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னா நானா, அன்னிக்குப் பெற்றோலுக்கு நின்னீங்க, இன்னிக்குக் கரண்டுக்கு நிக்கிறீங்க. ஒங்களுக்கு வரிசைன்னா ரொம்பப் புடிக்குமோ?"

அஸீம் கண்ணாடியை ஏற்றினான்.

இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. கீழ் வீட்டிலேயே இருக்கும் ராத்தாவின் மருமகன் நபீல் ஒரு பழைய ஜப்பான் மின்சாரக் கார் வைத்திருந்தான். அஸீம் ஒப்பிட்டுப் பார்த்து முதலாவதாகத் தள்ளிவிட்ட வகை. நுவரெலியாவுக்கு ஒரே மூச்சில் போக முடியாத கார். ஆனால் கராஜுக்குள் நின்று இரவெல்லாம் சார்ஜ் ஏறியது. காலையில் நபீல் விசிலடித்துக்கொண்டு வயரைக் கழற்றுவது மேலிருந்து அஸீமுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை டவுனில் சார்ஜ் இயந்திரம் பழுது. இருந்த சார்ஜை வைத்துக்கொண்டு பஸ்லினாவை ஏற்றிப் பன்விலைக்குப் புறப்பட்டான். வத்தேகமை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் திரையில் மிச்சச் சார்ஜைக் காட்டும் எண் விழத் தொடங்கியது. விளம்பரத் தாளில் போட்டிருந்த தூரம் சமதரைக்கான தூரம். ஏசியை நிறுத்தினான். ரேடியோவை நிறுத்தினான். வெயிலுக்குள் கார் ஆமை மாதிரி ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்னடித்தபடி முந்திப்போய் முன்னால் ஆள் ஏற்ற நின்றது.

"நிப்பாட்டுங்க," என்றாள் பஸ்லினா. "நான் பஸ்ல போறன்."

"இன்னங் கொஞ்சந் தூரந்தான் ஈக்குது."

"ஆறு வருஷமா நானும் பாக்கறன், நீங்க வாயத் தொறக்கிற இல்ல. ராத்தாட கராஜ்ல ப்ளக் ஈக்குது. கேளுங்க. கேக்க ஏலாட்டி காரை வித்துருங்க. ரெண்டுல ஒண்டு."

அவள் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு ஓடி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அவன் காரைத் திருப்பினான். கீழே இறங்க இறங்க, உருளும் சக்கரமே பற்றரியை ஏற்ற, திரையில் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. அதுவும் அவனைக் கேலி செய்வதுபோல் இருந்தது.

கடை திறக்கவில்லை. கெலிஓயாவுக்கு வந்து காரை நிறுத்தி, உள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தான். இந்தப் பக்கம் வந்தேன், உங்களைப் பார்த்துப் போகலாம் என்று. தினமும் தாண்டிப் போகிற வாசலைப் பற்றி அப்படிச் சொல்வது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே விளங்கியது. காரை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தான். வாங்க ஆள் வருவான், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பான், அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இறங்கிப் போய்க் கீழ் வீட்டைத் தட்டினான். கதவைத் திறந்தது ராத்தாதான். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். அவனும் பின்னால் போய்க் கதிரையில் உட்கார்ந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள். சுவர் மணிக்கூடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து தேத்தண்ணி வந்தது, ஆடை படிந்தது, ஆறியது.

கடைசியில் ராத்தாதான் தொடங்கினாள்.

"யார்ட ஊடெண்டு தெரிஞ்சா வந்தீக்கிற? அண்டைக்குப் பெட்டி பூட்ட வந்த ஆளுங்களுக்குத் தெரியாதெண்டு சென்னாய்."

அவன் தேத்தண்ணி ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினான்.

"ஆறு வருஷமாப் பாத வழி போற நாய்க்குக்கூட நான் மூஞ்சி காட்டினன். நீ காட்டல்ல. இண்டைக்கு ஒரு ப்ளக்குக்கா வந்தீக்கிற?"

ஒத்திகை பார்த்ததையெல்லாம் அவன் விட்டுவிட்டான்.

"ஓ," என்றான். "ப்ளக்குக்குத்தான்."

ராத்தாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று தெரியவில்லை.

"நல்ல வேள. என்னப் பாக்க வந்தெண்டு சென்னா, இந்தத் தேத்தண்ணிய மூஞ்சில ஊத்தீப்பன்."

பிறகு மறுபடியும் மணிக்கூட்டுச் சத்தம். இந்த முறை அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"மண்ணு என்ட பிழதான் ராத்தா. அண்டைக்கே செல்லீக்கணும்."

"ஒரு வார்த்த அண்டைக்குச் சென்னா, மதிலும் கேட்டீக்க மாட்டன் ஒண்டும் கேட்டீக்க மாட்டன். இப்ப கேக்கிறன். குசினிக்குப் பின்னால மண்ணு சரியாம கல்லால கட்டித் தா. கட்டின பொறகு காரக் கொண்டு வா."

மதில் எழும்பும் வரை அவன் டவுன் வரிசையில்தான் நின்றான். பஸ்லினா பஸ்ஸில் போனாள். கண்ணாடியைத் தட்டியவர்களுக்கெல்லாம் பதில் சொன்னான், ராஜலிங்கத்துக்கும் சொன்னான். மதில் முடிந்த நாள் காரை ராத்தா வளவுக்குள் விட்டு, நபீலின் வயர் பக்கத்திலேயே தன்னுடையதையும் குத்தினான். வீடே இருண்டது. குசினிக்குள்ளிருந்து ராத்தா அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பழைய வீட்டு லைன் இரண்டு காரைத் தாங்காது. ஒன்று ஏறும்போது மற்றது காத்திருக்க வேண்டும்.

அதனால் தினமும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு கதைத்தே ஆக வேண்டியதாயிற்று. இன்றைக்கு யார் முதலில், நாளைக்கு யாருக்குத் தூரப் பயணம், ராத்தா எப்போது கரண்டில் மா அரைக்கப் போகிறாள், யார் நேற்று வயரைக் கழற்றாமல் தூங்கியது. நபீல் வாய் ஓயாதவன். மாமாட கார் பெருசு, அதுதான் கரண்டையெல்லாம் குடிக்குது என்பான். உன்னுடையது கம்பளை தாண்டுமா என்று அஸீம் கேட்பான். சத்தம் மேல் வீட்டுக்குக் கேட்கும்.

நபீல் அந்தப் பழைய காரை இன்னும் வைத்திருக்கிறான். பற்றரி மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறான். ராஜலிங்கம் ஓய்வு பெற்று மோட்டார் சைக்கிளிலேயே திரிகிறார். பஸ்லினாவுக்குக் கம்பளைக்கு இடமாற்றம் கிடைத்தது. படியடியில் நிற்கும் பஸ்ஸில் அரை மணிக்குள் போய்விடுகிறாள், கார் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஹபீலா ராத்தாவின் குசினிக்குப் பின்னால் கருங்கல் மதில் நிற்கிறது. அஸீம் கண்டிக்குப் போய் வருகிறான், மாலையில் கீழ் வீட்டில் தகராறு பண்ணிவிட்டுப் படியேறுகிறான். மேல் வீட்டுச் சுவரில் பெட்டி பச்சை வெளிச்சத்தோடு இருக்கிறது. அதில் இப்போது இரண்டு குடை தொங்குகிறது.